பத்தாவது கேள்வியை என் மாமியாரிடம் கேட்காதீர்கள்

எங்கள் வட்டாரத்து மகப்பேற்று மருந்தகத்தின் நிர்வாகத்தினருக்கு,

உங்கள் மருந்தகத்தின் பெயரை இந்த மடலில் எங்கும் எழுதவில்லை. அங்கே வேலை பார்த்த தாதி ஒருவருக்கு நான் உயிர்க்கடன் பட்டவள். அவர் இருந்த இடத்தின் பெயர் கெடுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் நீங்கள் எடுத்திருக்கும் முடிவைத் தெரிந்துகொண்ட பிறகு சும்மா இருக்கவும் என்னால் முடியவில்லை.

மூன்று வாரங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, எங்கள் புளோக்கில் இரண்டு மாடி கீழே குடியிருக்கும் பெண் கைப்பேசியும் கையுமாக என் வாசலில் வந்து நின்றாள். 23 வயது. கல்யாணமாகி ஊரிலிருந்து வந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆறாம் மாதம். "அக்கா, இதுல என்ன கேக்குறாங்கன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன். அடுத்த தடவை போறதுக்கு முன்னாடி போட்டு அனுப்பணுமாம்." திரையில் 10 கேள்விகள், ஆங்கிலத்தில். அவளுக்குப் பின்னால் அவள் மாமியார் கம்பிக் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். "எல்லாத்துக்கும் நல்லா இருக்கேன்னு போட்டு அனுப்பும்மா. அடுப்புல குழம்பு இருக்கு."

கர்ப்பமாக இருப்பவளுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் கேள்விகள் அவை. அந்த 10 கேள்விகளும் எனக்கு மனப்பாடம்.

வியாழக்கிழமை காலையில் போ, தமிழ் பேசும் தாதி ஒருவர் இருப்பார், தனியாகக் கூப்பிட்டு அவரே கேட்டு எழுதிக்கொள்வார் என்று சொல்லி அவளை உங்களிடம் அனுப்பப் பார்த்தேன். தொலைபேசியில் விசாரித்தபோதுதான் அந்த வியாழக்கிழமை நேரத்தையே நீங்கள் நிறுத்திவிட்டது தெரிந்தது. ஏன் என்று எழுதிக் கேட்டேன். பதில் வந்தது. தமிழில் சேவை கேட்டு வருவோர் குறைவு. வினாப்பட்டியல் இனிக் கைப்பேசி வழியாக மட்டும். மொழி உதவி வேண்டுவோர் குடும்பத்தார் ஒருவரை உடன் அழைத்து வரலாம்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்த மடல்.

நான் 2016இல் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி சிங்கப்பூருக்கு, இந்த ஈசூனுக்கு வந்தவள். நீண்டகால வருகை அட்டையில் இருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழிப் படிப்பு. கல்லூரிக்குப் போனேன் என்றாலும் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். பேருந்து எண், மருந்துச் சீட்டு, கடைப் பலகை எல்லாம் புரியும். என் மனசை எடுத்துச் சொல்லும் அளவுக்கு அந்த மொழி அன்று எனக்குக் கைவரவில்லை. இன்றும் முழுதாக வரவில்லை.

முதல் பிள்ளை 2017இல் பிறந்தாள். பிள்ளை பெற்ற பிறகுதான் இந்தச் சோர்வு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு ஐந்தாம் மாதத்திலேயே வந்துவிட்டது. காலையில் கண் விழித்ததும் நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லை வைத்தது போலிருக்கும். ஏழாம் மாதம் வளைகாப்பு. புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டு, ஐந்து வகைச் சோறு ஆக்கி, அத்தை தன் தகுதிக்கு மேலேயே செலவு செய்தார். (மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.) இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். அந்தச் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கும், கேட்டால் சந்தோஷப்படும் என்பார்கள். அன்றிரவு எனக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை. புரண்டு படுத்தால் கலகலக்கிறது. முகத்தைத் துடைத்தால் கலகலக்கிறது. இரண்டு கைகளையும் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டு விடியும் வரை அசையாமல் கிடந்தேன். வளைகாப்புப் படங்கள் இன்னும் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கின்றன. எல்லாப் படத்திலும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

பிரசவத்துக்கு ஊரிலிருந்து அம்மா வந்தார். 30 நாள் இருந்தார். பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, லேகியம், வேப்பிலைத் தண்ணீர், சாம்பிராணிப் புகை, ஒன்றும் குறைவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ள நம்மவர்களிடம் எத்தனையோ முறை இருக்கிறது. பச்சை உடம்புக்காரி குனியக் கூடாது, குளிர்ந்த தண்ணீரைத் தொடக் கூடாது, காதில் பஞ்சு வைக்க வேண்டும். மனசுக்கு வைக்கத்தான் ஒன்றும் இல்லை. அம்மா விமானம் ஏறினார். என் கணவர் பேருந்து ஓட்டுநர், அவருக்குக் கிடைத்த இரண்டு வார விடுப்பு எப்போதோ முடிந்து அதிகாலைப் பணிக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் பால் போத்தலைக் கழுவினேன். கழுவினது போதவில்லை என்று மறுபடி கழுவினேன். ஒரு போத்தலை ஏழு முறை. எண்ணிக்கை தப்பினால் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பேன். விடியற்காலை மூன்று மணிக்கு, சமையலறை விளக்கில், பிள்ளை பசியில் கத்திக்கொண்டிருக்க, நான் போத்தல் கழுவிக்கொண்டிருப்பேன். அவளைத் தூக்கினால் அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தூக்குவது போலிருந்தது. இதை யாரிடம் சொல்வது?

ஆறாவது வாரம் மருத்துவரிடம் போனபோது அந்தத் தாளைக் கொடுத்தார்கள். அது உங்கள் மருந்தகம் இல்லை, வேறோர் இடம். ஆனால் தாள் இதேதான். தாளை வாங்கியவர் அத்தை. அத்தை இங்கேயே பிறந்து வளர்ந்தவர், ஆங்கிலம் நன்றாக வரும். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துச் சொன்னார்.

"இந்த ஒரு வாரத்துல சிரிச்சியான்னு கேக்குறாங்க. சிரிச்சேல்ல?"

"ம்."

ஆறாவது கேள்வியைத் தமிழில் சரியாகக் கேட்பதென்றால், எல்லாம் தலைக்கு மேல் போவது போலிருக்கிறதா என்று கேட்க வேண்டும். அத்தை சொன்னது: "வேலை ஜாஸ்தியா இருக்கான்னு கேக்குறாங்க."

"இல்லத்த. நீங்கதான் எல்லாத்தையும் பாத்துக்கிறீங்களே."

அந்த இடத்தில் ஒரு மருமகள் வேறென்ன சொல்ல முடியும்? நீங்களே சொல்லுங்கள்.

பத்தாவது கேள்விக்கு வந்ததும் அத்தை மனசுக்குள் படித்தார். தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பதுதான் அந்தக் கேள்வி. பேனா கொஞ்ச நேரம் தாளுக்கு மேலேயே நின்றது. "இது நமக்கு வேணாம்" என்று சொல்லி, ஒருபோதும் இல்லை என்ற கட்டத்தில் அவரே குறி போட்டார். என் வாழ்க்கையிலேயே முக்கியமான கேள்வியை என்னிடம் யாரும் கேட்கவே இல்லை. கேட்டதாகவும் நான் பதில் சொன்னதாகவும் கோப்பில் இருக்கிறது. 30க்கு என் மதிப்பெண் 3, அதாவது எனக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

அத்தை என்னிடம் கேட்டிருந்தாலும் நான் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் சிங்கப்பூரில் தற்கொலை முயற்சி சட்டப்படி குற்றம். 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் அந்தச் சட்டப்பிரிவு நீக்கப்பட்டது. முயற்சிக்கும் எண்ணத்துக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அப்போது தெரியாது. எழுதிக் கொடுத்தால் போலீஸ் வரும், அட்டையைப் புதுப்பிக்க மாட்டார்கள், பிள்ளையை இங்கே வைத்துக்கொண்டு என்னை மட்டும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்காது என்று எனக்குப் புரியும் மொழியில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

மூன்றாம் மாதம் ஒரு நாள் மூச்சே முட்டியது. "நெஞ்சை அடைக்குதுங்க" என்றேன். கணவர் பயந்து அவசரச் சிகிச்சைக்குக் கூட்டிப்போய், நெஞ்சுவலி என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர் மேல் தப்பில்லை, அவருக்குத் தெரிந்த சொல் அது. ஈசிஜி எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். எல்லாம் நன்றாக இருந்தது. வாயுத் தொல்லைக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மனச்சோர்வு என்ற சொல்லைச் செய்தியில் கேட்டிருக்கிறேன், வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நம் பெண்கள் நெஞ்சை அடைக்குது என்பார்கள், தலை பாரமா இருக்கு, எதுவும் புடிக்கல, வெறுப்பா இருக்கு, இருந்தென்ன போயென்ன என்பார்கள். ஒரு தமிழ்க் காதுக்கு இதில் பாதி கேட்டாலே போதும், விஷயம் புரிந்துவிடும். மொழிபெயர்த்தால் அது வாயுத் தொல்லை ஆகிவிடுகிறது.

முதல் முறை எனக்கு மருந்தும் இல்லை, பேச ஆளும் இல்லை. பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகு மெல்ல மெல்லத் தெளிந்தேன். அவளுடைய முதல் வருடத்தில் எனக்கு ஞாபகம் இருப்பது கொஞ்சம்தான். முதல் பல் எப்போது முளைத்தது என்று கேட்டால் அத்தையைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது பிள்ளை 2022இல். அப்போதுதான் உங்கள் மருந்தகத்துக்கு வந்தேன், ஒரு வியாழக்கிழமை. மகனுக்கு ஏழு வாரம். வழக்கம்போல அத்தையும் என்னோடு உள்ளே வந்தார். அந்தத் தாதி எழுந்து, "அம்மா, நீங்க வெளியில ஒரு பத்து நிமிஷம் உக்காருங்க. பேரனையும் தூக்கிக்குங்க. நாங்க ரெண்டு பேரும் பேசிட்டு வர்றோம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். தாளை எடுப்பதற்கு முன், "பிள்ளை தூங்குறப்பவாவது உங்களுக்குத் தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அழுதேன். அவர் மெல்லுதாள் பெட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டுக் காத்திருந்தார். அவசரப்படவில்லை.

பிறகு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். பத்தாவதற்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நீங்க என்ன சொன்னாலும் போலீசுக்குப் போகாது. பிள்ளையை யாரும் புடுங்கிட்டுப் போக மாட்டாங்க. சில நேரம், நாம இல்லாமப் போயிட்டாத் தேவலன்னு தோணுதா?"

தோணுது என்றேன். ஐந்து வருடமாகத் தொண்டையில் நின்றுகொண்டிருந்த சொல் அது.

அன்றைக்கு என் மதிப்பெண் 19. அன்றே மருத்துவர் பார்த்தார். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்து கொடுத்தார்கள், பேசுவதற்கு ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார்கள். மகனுக்கு ஆறாம் மாதத் தடுப்பூசி போடும்போது நான் தேறியிருந்தேன். அவனுக்கு முதல் பல் முளைத்தது தீபாவளிக்கு முந்திய நாள்.

முதல் தடவையும் இரண்டாம் தடவையும் நான் ஒருத்திதான். நோயும் அதேதான். கேள்விகளும் அவையேதான்.

அந்தக் கேள்விகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் ஞாபகப்படுத்துகிறேன். அது எடின்பரோ அளவுகோல். ஸ்காட்லாந்தில் ஜான் காக்ஸும் அவரோடு வேலை செய்தவர்களும் 1987இல் வெளியிட்டது. கடந்த 7 நாளில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும் 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. அதை உருவாக்கியவர்களே பயன்படுத்தும் முறையையும் எழுதிவைத்திருக்கிறார்கள்: ஆங்கிலமோ வாசிப்போ கஷ்டமாக இருந்தால் தவிர, தாயே பதில் எழுத வேண்டும், பதிலைப் பற்றி அவள் மற்றவர்களோடு கலந்து பேசும் நிலை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தாரை அழைத்து வாருங்கள் என்று நீங்கள் எழுதியிருப்பது இதற்கு நேர் எதிரானது. கருவியைச் செய்தவர்கள் எதைச் செய்யாதே என்றார்களோ அதைத்தான் நீங்கள் விதியாக்கியிருக்கிறீர்கள்.

தமிழில் இல்லையே என்றும் சொல்ல முடியாது. இந்த அளவுகோலின் தமிழ் வடிவம் சரியாக வேலை செய்கிறதா என்று தமிழ்நாட்டில் சோதித்துப் பார்த்து, அந்த ஆய்வு 2005லேயே வெளிவந்துவிட்டது. தமிழ்நாட்டுக் கிராமத் தாய்மாரைப் பற்றி 2002இல் வந்த இன்னோர் ஆய்வையும் நீங்கள் படிக்க வேண்டும். பிள்ளை பெற்ற பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 விழுக்காடு. யாருக்கு அதிகம் வந்தது என்றும் பார்த்திருக்கிறார்கள்: வருமானம் குறைந்தவர்கள், ஆண் பிள்ளை வேண்டுமென்றிருந்து பெண் பிள்ளை பெற்றவர்கள், கைவேலைக்கு உதவியில்லாதவர்கள், மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சரியில்லாதவர்கள். மாமியாரோடு உறவு சரியில்லாத பெண்ணுக்கு அதிகம் வரும் நோயைக் கண்டுபிடிக்க, மாமியாரை மொழிபெயர்க்கச் சொல்கிறீர்கள்.

எங்கள் வீட்டில் உறவு சரியில்லாமலும் இல்லை. என் அத்தை நல்லவர். அந்தக் குறியை அவர் போட்டது என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து. 2022இல் அந்த அறையிலிருந்து நான் வெளியே வந்து வீட்டில் எல்லாவற்றையும் சொன்னபோது, அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, தனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது, தோ பாயோ வீட்டில், குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் உட்கார்ந்து அழுததைச் சொன்னார். முப்பத்தைந்து வருடமாக அவர் யாரிடமும் சொன்னதில்லை. "அன்னிக்கு அந்தத் தாள்ல இருந்ததெல்லாம் எனக்குத் தெரிஞ்ச விஷயம்தான். அதான் கை நடுங்குச்சு" என்றார். அவரையும் யாரும் கேட்டதில்லை. அந்த வேலையை மறுபடியும் அவர் தலையில் கட்டாதீர்கள்.

கேட்டு வருவோர் குறைவு என்கிறீர்கள். எப்படிக் கேட்பார்கள்? வியாழக்கிழமை நேரத்தைப் பற்றிய அறிவிப்பே ஆங்கிலத்தில்தான் இருந்தது. எனக்கும் அது தெரிந்து போகவில்லை, தற்செயலாக அன்று போனேன். தமிழ் வேண்டும் என்று கேட்பதற்கு முதலில் ஆங்கிலத்தில் வாய் திறக்க வேண்டும், அதுவும் வரிசையில் பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது. நான் இப்போது பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளையை அழைத்துப்போக வரும் தாய்மார் நாலைந்து பேர், வாசலில் செருப்பு மாட்டும்போது, தணிந்த குரலில் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் எந்தக் கணக்கிலும் இல்லை. எல்லோரும் நல்லா இருக்கேன் என்று போட்டுக் கொடுத்தவர்கள்.

ரயில் நிலையத்தில் மேடைக்கும் ரயிலுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது, பார்த்துக் கால் வை என்று எனக்குத் தமிழில் சொல்லும் நாடு இது. அரசியலமைப்பிலேயே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாகத் தமிழ் இருக்கிறது. ஆகவே சலுகை கேட்பதாக நினைக்க வேண்டாம்.

நான் கேட்பவை இவை. வியாழக்கிழமைத் தமிழ் நேரத்தைத் திரும்பத் தொடங்குங்கள். தாதி கிடைக்கவில்லை என்றால், கிடைக்கும் வரை தொலைபேசி வழியாகவாவது பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வையுங்கள். வினாப்பட்டியல் கைப்பேசியில் இருப்பதை நான் எதிர்க்கவில்லை, திறந்ததும் நான்கு மொழிகளில் எது வேண்டும் என்று அது கேட்க வேண்டும். எழுத்து வாசிக்கக் கஷ்டப்படும் பெண்ணுக்கு ஓர் ஆள் படித்துச் சொல்ல வேண்டும். அந்த ஆள் கணவராகவோ மாமியாராகவோ பெற்ற தாயாகவோ இருக்கக் கூடாது. உடன் வருபவர்களைப் பத்து நிமிடம் வெளியில் உட்காரச் சொல்வதை எல்லோருக்கும் பொதுவான வழக்கமாக்குங்கள். ஒரு வீட்டை மட்டும் குறிவைத்ததாக யாரும் நினைக்காமல் இருக்க அதுதான் வழி. என் அத்தைக்கும் அது மனவருத்தம் தரவில்லை.

பதில்கள் யாருக்குப் போகும், யாருக்குப் போகாது என்பதைப் பட்டியலின் தலைப்பிலேயே தமிழில் எழுதுங்கள். போலீஸ், குடிநுழைவு அட்டை, பிள்ளை, இந்த மூன்றைப் பற்றியும் வெளிப்படையாக எழுதுங்கள், ஏனென்றால் வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள் பயப்படுவது இந்த மூன்றுக்கும்தான். ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு விடாதீர்கள். கர்ப்பமாக இருக்கும்போதே கேளுங்கள். பிள்ளைக்கு இரண்டாம், நான்காம், ஆறாம் மாதத் தடுப்பூசிக்கு எப்படியும் தாய் வரத்தான் செய்வாள், அப்போதும் கேளுங்கள். பத்தாவது கேள்விக்கு ஒருபோதும் இல்லை என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், அன்றே, அவள் மொழியில், ஒருவர் அவளைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். அந்த ஒருவர் யார் என்று எனக்குச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் பெண் யாருக்காவது இந்த நிமிடமே நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தால் 1767 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். 1771 என்ற மனநல உதவி எண்ணும் இருக்கிறது.

நிர்வாகத்தினருக்கு மீண்டும். கீழ்மாடிப் பெண்ணுடைய வினாப்பட்டியலை அன்று நான் போட்டு அனுப்பவில்லை. அவள் மாமியாரிடம், குழம்பு அடிப்பிடிக்கப் போகுது, நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் நானும் பக்கத்து வீட்டுக்காரிதான். அவளை நாளைக்கும் மின்தூக்கியில் பார்ப்பேன். அதனால் என்னிடமும் அவள் முழுதாகச் சொல்லவில்லை. ராத்திரியில் தூக்கம் வருவதில்லை என்று மட்டும் சொன்னாள். அடுத்த மாதம் அவளுக்கு வளைகாப்பு. அதற்கு முன்னால், அவளை எந்த நாள் எத்தனை மணிக்கு உங்களிடம் அனுப்பலாம் என்று எனக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

இரண்டு பிள்ளைகளின் தாய்,
ஈசூன்